கேப்மாரியா, கேப்மாறியா? பதிவை நீக்கியவர்கள் பதில் சொல்லட்டும்

லீபஜார்வாசி:
நேற்று நம் சேலம் குழுவில் நான் எழுதிய ஒரு பதிவைத் தூக்கிவிட்டார்கள். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏற்காடு கோடை விழாவுக்குப் போக ஒரு வேன்காரரிடம் முன்பணம் கொடுத்திருந்தேன். கிளம்ப வேண்டிய அன்று விடியற்காலையில் ஆள் போனை அணைத்துவிட்டார். வேனும் இல்லை, பணமும் இல்லை. அந்த ஆளைக் கேப்மாரி என்று எழுதினேன். பெயரைக்கூடப் போடவில்லை. உடனே 'அடிவாரம்' என்கிற நண்பர் வந்து, அது ஒரு சமூகத்தின் பெயர், வசையாகப் பயன்படுத்தக் கூடாது என்று புகார் கொடுத்தார். அட்மின் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் நீக்கிவிட்டார்.

முன்பணத்தை விழுங்கியவன் நிம்மதியாக இருக்கிறான். திட்டியவன் குற்றவாளி. நல்ல நியாயம்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தச் சொல்லில் வருவது பெரிய 'றி'. தலையில் இருக்கிற கேப்பை மாற்றிக்கொண்டு போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவுகிறவன் கேப்மாறி. இதில் சமூகம் எங்கே வந்தது? அடிவாரம் அவர்கள் விளக்கட்டும்.

அடிவாரம்:
நேற்றே விளக்கியாயிற்று. நீங்கள் படிக்கவில்லை. தமிழக அரசின் சீர்மரபினர் பட்டியலில் 68 சமூகங்கள் இருக்கின்றன. அதில் இந்தப் பெயரும் ஒன்று. ஆங்கிலப் பட்டியலில் 'கே' எழுத்து வரிசையில், கடைசியில் பன்மைக்கு ஒரு 'எஸ்' போட்டு அச்சிட்டிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தானே, பிறக்கும்போதே திருடன் என்று கூட்டம் கூட்டமாக முத்திரை குத்தினானே, அதில் அகப்பட்டவர்கள் இவர்கள். சட்டம் போய்விட்டது. திட்டு மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது.

வேன்காரர் செய்தது மோசடி. மோசடிக்காரன் என்று எழுதுங்கள். யார் கேட்கப்போகிறார்கள்?

லீபஜார்வாசி:
'கே' எழுத்தா? பழைய சர்க்கார் காகிதங்களில் 'சி' போட்டும் எழுதியிருக்கிறார்கள். காதில் விழுந்ததை எழுதின குமாஸ்தாவுக்கு 'கே' என்ன, 'சி' என்ன? தமிழுக்கு வாருங்கள் ஐயா. ரி-யா, றி-யா? அதைச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

கொண்டைஊசி20:
அண்ணா, நீக்கிய பதிவில் நீங்களே சின்ன ரிதான் போட்டிருந்தீர்கள். என்னிடம் படம் இருக்கிறது.

லீபஜார்வாசி:
அது போன் தானாகப் போட்டது தம்பி. நான் விரலால் றி என்றுதான் தட்டினேன்.

குகைவண்டி:
போன் தானாகவே கேப்மாரி என்று போடுகிறது என்றால் உங்கள் போன் தினமும் என்ன படிக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள் 😄

பிழைதிருத்தி:
அச்சகத்தில் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை.

'மாறு' என்ற வினையிலிருந்து வந்தால் வல்லின றகரம்தான். முடிச்சுமாறி என்ற சொல் இருக்கிறது. வேட்டி முடிச்சில் வைத்திருக்கும் காசை அடிப்பவன். சோமாறி என்றும் சொல்கிறோம். இவற்றில் எல்லாம் றகரம். ஆக, வடிவத்தில் றி என்பதற்கு நியாயம் உண்டு.

ஆனால் 'கேப்' என்றால் தொப்பி என்று சொல்வதைக் கேட்டுச் சிரிப்புதான் வருகிறது. அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்து ஆண்கள் தலையில் இருந்தது உருமாலும் தலைப்பாகையும். திருடப் போகிறவன் எந்தக் கடையில் போய் கேப் வாங்கினான்? மாற்றுவதற்கு இன்னொன்று வேறு கையில் வைத்திருந்தானா?

லீபஜார்வாசி:
பிழைதிருத்தி ஐயாவே சொல்லிவிட்டார், றி என்று. முடிந்தது விஷயம். அட்மின், என் பதிவைத் திருப்பிப் போடவும்.

பிழைதிருத்தி:
நான் சொன்னதில் பாதியைத்தான் படித்திருக்கிறீர்கள்.

லீபஜார்வாசி:
வேண்டிய பாதியைப் படித்தேன்.

மல்கோவா:
கோர்ட்டுக்குப் போய்வருகிறவள் என்பதால் சொல்கிறேன். ரி-றி சண்டையில் அண்ணன் காரியத்தைக் கோட்டை விடுகிறார். முன்பணம் வாங்கி ஏமாற்றியதற்கு முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 420. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, அதில் 318. ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணத்தில்தான் பணம் வாங்கினார் என்று காட்ட வேண்டும். பணம் அனுப்பிய ரசீது, பேசிய செய்திகள் எல்லாம் இருந்தால் ஸ்டேஷனில் ஒரு புகார் எழுதிக் கொடுங்கள். அதைச் செய்யாமல் இங்கே எழுத்துக் கூட்டிக்கொண்டு இருக்கிறீர்கள்.

குகைவண்டி:
அப்போ இனிமேல் ஒருத்தனைப் 'போர் ட்வென்டி' என்று திட்டக்கூடாதா அக்கா? 'த்ரீ எய்ட்டீன்' என்றால் அவன் ஏதோ பஸ் நம்பர் என்று நினைப்பான்.

மல்கோவா:
திட்டிக்கொள். வேண்டுமென்றே அவமதித்துச் சண்டைக்கு இழுத்தால் அதற்கும் ஒரு பிரிவு இருக்கிறது. முன்பு 504, இப்போது 352. எண்தான் மாறியிருக்கிறது.

லீபஜார்வாசி:
புகார் கொடுப்பதும் கொடுக்காததும் என் விஷயம் அம்மா. இங்கே பேசுவது சொல்லைப் பற்றி. ரி-யா றி-யா?

சென்னைக்குப்போனவன்:
முதலில் இது நம்ம ஊர்ச் சொல்லே இல்லை. கேப்மாரி, பேமானி, கஸ்மாலம் எல்லாம் மெட்ராஸ் சரக்கு. பேமானி உருதுவிலிருந்து வந்தது, நாணயம் இல்லாதவன் என்று பொருள். கஸ்மாலம் வடமொழி அழுக்கு. சேலத்துக்காரன் 'களவாணிப் பய' என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவான். நான் இங்கே வேளச்சேரியில் இருந்துகொண்டு களவாணி என்கிறேன், நீங்கள் செவ்வாய்ப்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு கேப்மாரி என்கிறீர்கள். காலக்கொடுமை.

லீபஜார்வாசி:
ஊரை விட்டு ஓடினவர் ஊர்த் தமிழைப் பற்றிப் பாடம் எடுக்கிறார். ஆடி மாதம் ஒரு தடவையாவது இந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருந்தால் தெரியும், மாரியம்மன் பண்டிகை வண்டி வேடிக்கை ஊர்வலக் கூட்டத்தில் யார் என்ன சொல்லித் திட்டுகிறார்கள் என்று.

சென்னைக்குப்போனவன்:
ஓடவில்லை சார், வேலைக்கு வந்தேன். வண்டி வேடிக்கைக்கு வரத்தான் செய்கிறேன். உங்கள் கடை வாசலில்தான் நின்று பார்த்தேன். குடிக்கத் தண்ணீர் கேட்டதற்கு பாட்டில் விலை சொன்னீர்கள்.

குகைவண்டி:
வண்டி வேடிக்கை நடப்பது எங்கள் குகைப் பகுதியில். லீ பஜாரில் நின்று எதைப் பார்த்தீர்கள்? லாரியில் மூட்டை ஏற்றுவதையா?

அடிவாரம்:
மறுபடியும் ஊர்வலம் வேறு தெருவுக்குப் போகிறது. நான் கேட்பதற்கு யாராவது பதில் சொல்லுங்கள். ஒரு சமூகத்தின் பெயரை வைத்து இன்னொருவனைத் திட்டலாமா, கூடாதா?

லீபஜார்வாசி:
அது சமூகத்தின் பெயர்தான் என்று நீங்கள் முதலில் நிரூபிக்க வேண்டும். சமூகத்தின் பெயர் என்றால் 'மாரி'. திட்டு என்றால் 'மாறி'. நான் சொன்னது மாறி. எனவே நான் அவர்களைச் சொல்லவே இல்லை. இதைவிடத் தெளிவாக ஒருத்தன் எப்படிச் சொல்வது?

குகைவண்டி:
சொல்லும்போது வாயில் எந்த ரி வருகிறது என்று எதிரில் இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? 'இடையினம் இல்லை அண்ணா, வல்லினம்' என்று சீட்டு எழுதிக் கொடுப்பீர்களா?

இன்னொரு விஷயம். மாரி என்றால் எங்களுக்கு அம்மன். எட்டுப்பேட்டைக்கும் பெரியவள் கோட்டை மாரியம்மன். எங்கள் வீட்டிலேயே மாரியப்பன் ஒருத்தர், மாரிமுத்து ஒருத்தர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கின மாரியப்பன் தங்கவேலு நம்ம மாவட்டத்துப் பையன். அந்த மாரியை இந்தச் சாக்கடையில் இழுக்காதீர்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே றி இருக்கட்டும் என்பது என் கட்சி.

லீபஜார்வாசி:
பார்த்தீர்களா, இன்னொரு ஓட்டு றி-க்கு.

குகைவண்டி:
உங்களுக்குப் போட்ட ஓட்டு இல்லை அது. அம்மனுக்குப் போட்டது.

அடிவாரம்:
சரி, உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1871ல் முதலில் வடக்கேதான் கொண்டுவந்தார்கள். 1911ல் திருத்தி நம் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். ஜனங்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். ஏன் என்றால் பட்டியலில் இருக்கிற சாதியில் பிறந்தவன் ஸ்டேஷனுக்குப் போய் விரலை மையில் தோய்த்து வைத்துவிட்டு வர வேண்டும். ஊரை விட்டு வெளியே போனால் சீட்டு வேண்டும். பல இடங்களில் ராத்திரி ஸ்டேஷனில் ஆஜர் கொடுக்க வேண்டும், அங்கேயே படுக்கவும் வேண்டும். மகளுக்குப் பிள்ளை பிறந்தது என்று பக்கத்து ஊருக்கு ராத்திரியில் நடந்தால் அது குற்றம். மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றவர்களை 1920 ஏப்ரல் 3ல் சுட்டார்கள்.

நம் ஊருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்க வேண்டாம். அதே சீர்மரபினர் பட்டியலில் சேலம் மேல்நாடு குறவர், சேலம் உப்புக் குறவர், ஆத்தூர் கீழ்நாடு குறவர், ஆத்தூர் மேல்நாடு குறவர் என்று நம் ஊர்ப் பெயரோடு வரிகள் இருக்கின்றன. உப்புக் குறவர் என்றால் யார்? கடற்கரையிலிருந்து மாட்டிலும் கழுதையிலும் உப்புப் பொதி ஏற்றிக்கொண்டு வந்து உள்நாட்டில் தானியத்துக்கு விற்றவர்கள். லீ பஜார் மொத்த வியாபாரம் எல்லாம் வருவதற்கு முன்னால் நம் பாட்டன் வீட்டுப் பானையில் உப்பு போட்டவர்கள். 1860களில் சேலத்துக்கு ரயில் வந்தது. உப்பு வேகனில் வந்தது. வெள்ளைக்காரன் உப்பு வரி வேறு போட்டான். மாட்டோடு தெருவில் நின்றவனைப் பார்த்து, இவனுக்குக் குடியிருக்க இடம் இல்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறான், அதனால் திருடன் என்று எழுதினார்கள். பிழைப்பைப் பிடுங்கினவன் அவனைக் களவாணி என்றான். இதில் யார் முடிச்சை யார் அவிழ்த்தார்கள்?

1947ல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டத்தை எடுத்தார்கள். அப்போது உள்துறை அமைச்சராக இருந்தது நம் சேலத்துக்காரர், குமாரமங்கலம் ஜமீன்தார் சுப்பராயன். நாடு முழுவதும் போனது 1952 ஆகஸ்ட் 31ல். சீர்மரபினர் இன்றைக்கும் அந்த நாளைத்தான் விடுதலை நாளாக வைத்திருக்கிறார்கள்.

நாக்கிலிருந்து எடுக்க இன்னும் எத்தனை வருஷம் வேண்டும்?

சென்னைக்குப்போனவன்:
குமாரமங்கலம் நாமக்கல் மாவட்டம்.

அடிவாரம்:
1997ல்தான் நாமக்கல் தனி மாவட்டம் ஆனது. 1947ல் திருச்செங்கோடு தாலுகா சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது.

சென்னைக்குப்போனவன்:
இன்றைக்கு எங்கே இருக்கிறது என்றுதான் கேட்கிறேன். இப்படியே போனால் தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேலம் என்பீர்கள்.

அடிவாரம்:
அன்றைக்கு அதுவும் சேலம்தான்!

மல்கோவா:
அவ்வளவு எழுதியிருக்கிறார் அந்த மனுஷன். உங்களுக்குக் கிடைத்தது குமாரமங்கலம் மட்டும்தானா?

லீபஜார்வாசி:
நான் முழுவதும் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறார், வரலாறு எல்லாம் சரி. ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, சேலம் பெயரில் இருக்கிற வரிகளைப் பட்டியல் போட்டாரே, அதில் கேப்மாரி இருக்கிறதா? இல்லை. பட்டியலைத் திறந்து நானும் பார்த்தேன். அந்தப் பெயருக்கு எதிரே காஞ்சிபுரம், திருவள்ளூர், திருச்சி என்று போகிறது. சேலம் கிடையாது. சேலத்தில் இல்லாதவரை சேலத்தில் ஒருத்தன் எப்படி அவமதிக்க முடியும்?

இரண்டாவது, அத்தனை பத்தியில் ரி-யா றி-யா என்பதற்கு ஒரு வரி பதில் இல்லை. தெரிந்தே தவிர்த்திருக்கிறார்.

அடிவாரம்:
அடடா. பட்டியலைத் திறந்து பார்த்தீர்களா? அந்தப் பெயர் அதில் இருந்ததா?

லீபஜார்வாசி:
இருந்தது. சேலம் இல்லை.

அடிவாரம்:
பெயர் இருந்தது என்கிறீர்கள். முதலில் அது சமூகமே இல்லை, தொப்பி என்றீர்கள்.

லீபஜார்வாசி:
பட்டியலில் இருப்பது ரி. நான் சொன்னது றி. எத்தனை தடவைதான் சொல்வது.

பிழைதிருத்தி:
ஒரே சொல்லை ஒரு குமாஸ்தா ஒரு மாதிரியும் ஊரார் ஒரு மாதிரியும் எழுதியிருக்கலாம். கறுப்பு, கருப்பு என்று இரண்டு விதமாக எழுதினால் இரண்டு நிறம் ஆகிவிடாது. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியை யாராவது எடுத்துப் பார்த்துவிட்டு வந்தால் பாதி வாக்குவாதம் குறையும். இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது.

கொண்டைஊசி20:
யாரும் பார்க்க மாட்டார்கள் ஐயா. பார்த்தால் சண்டை முடிந்துவிடும்.

எனக்கு வேறு ஒரு வருத்தம். லீபஜார் அண்ணன் ஒரு வேன்காரரால் ஏமாந்தார், சரி. ஆனால் நீக்கிய பதிவில் 'ஏற்காட்டு வண்டிக்காரனுங்களே இப்படித்தான்' என்று ஒரு வரி இருந்தது. அதை யாருமே கேட்கவில்லை. கோடை விழா நேரத்தில் மேலே என்ன நடக்கிறது என்று தெரியுமா? மலையடிவாரத்தில் வண்டி வரிசை கட்டி நிற்கும். 20 கொண்டை ஊசி வளைவையும் ஊர்ந்து ஏற வேண்டும். கூட்டம் அதிகமானால் போலீஸ் ஒருவழிப் பாதை ஆக்கி, இறங்குகிறவர்களைக் குப்பனூர் வழியாகச் சுற்றிப் போகச் சொல்லும். டீசல் இரண்டு மடங்கு. அந்தக் கூலிக்கும் நீங்கள் பேரம் பேசுவீர்கள். நாங்கள் எல்லோரும் களவாணிகள்.

லீபஜார்வாசி:
நான் பேரம் பேசினேன் என்று உனக்கு யார் சொன்னது?

கொண்டைஊசி20:
யாரும் சொல்லத் தேவையில்லை அண்ணா.

லீபஜார்வாசி:
தம்பி, வாய் நீளுகிறது. உங்கள் மலையில் ஒரு கிலோ மிளகு வாங்கினால் காம்பும் கல்லும் எவ்வளவு வருகிறது என்று என் கடைக்கு வா, சல்லடையில் போட்டுக் காட்டுகிறேன்.

கொண்டைஊசி20:
நாங்கள் கொடுக்கிற காப்பிக்கொட்டை உங்கள் கடை வழியாகப் போய்த் தூளாக வரும்போது பாதி சிக்கரியாக இருக்கிறதே, அதை எந்தச் சல்லடையில் போடுவது?

லீபஜார்வாசி:
சிக்கரி கலப்படம் இல்லை. 49 சதவீதம் வரை சட்டமே அனுமதிக்கிறது, பாக்கெட் மேல் எழுத வேண்டும், நான் எழுதுகிறேன். தெரியாமல் பேசாதே.

கொண்டைஊசி20:
எழுதுகிறீர்கள். பூதக்கண்ணாடி இலவசமாகக் கொடுத்தால் நாங்களும் படிப்போம்.

மல்கோவா:
இதற்கு என்ன சொல் போடலாம்? முன்பணம் வாங்கி வராதவன் கேப்மாறி என்றால், சிக்கரியைச் சின்ன எழுத்தில் எழுதுகிறவரை என்ன சொல்வது? றி போட்டா, ரி போட்டா?

லீபஜார்வாசி:
வக்கீல் அம்மா, நீங்கள் பொதுவாக இருப்பீர்கள் என்று நினைத்தேன். ஒரு வியாபாரியை எல்லோரும் சேர்ந்து மொத்துகிறீர்கள். நான் ஏமாந்தவன் என்பதை ஒருத்தர்கூட நினைத்துப் பார்க்கவில்லை. ஏமாற்றியவனுடைய மரியாதைக்கும், அவன் சாதிகூட இல்லாத ஒரு சாதியின் மரியாதைக்கும் இத்தனை பேர் வருகிறீர்கள். என் பணத்துக்கு யார் வந்தீர்கள்? அந்தக் காலத்துப் பெரியவர்கள் எல்லோரும் சொன்ன சொல் அது. என் அப்பா சொல்வார், கடைக்கு வருகிற போலீஸ்காரரே சொல்வார். 2019ல் அந்தப் பெயரிலேயே சினிமா வந்தது, தியேட்டரில் ஓடியது. தணிக்கைக்காரர்களுக்குத் தெரியாதது அடிவாரத்துக்குத் தெரிந்துவிட்டது.

கொண்டைஊசி20:
அந்தப் படத்துப் பெயரிலும் சின்ன ரிதான் அண்ணா.

லீபஜார்வாசி:
சினிமாக்காரனுக்குத் தமிழ் தெரிந்தால் அவன் ஏன் சினிமா எடுக்கிறான்.

குகைவண்டி:
இப்போதுதான் அவர்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டீர்கள்!

அடிவாரம்:
அப்பா சொன்னார், போலீஸ்காரர் சொன்னார் என்பதுதான் என் வாதமே. அந்தச் சொல் ஸ்டேஷன் பதிவேட்டிலிருந்து ஊர் வாய்க்கு வந்தது. அதே வழியில் வந்த இன்னும் சில சொற்கள் இருக்கின்றன. நான் அதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை, எழுதினால் நாளைக்கு யாராவது எடுத்து உபயோகிப்பீர்கள்.

லீபஜார்வாசி:
ஆதாரம் இல்லாமல் பேசுவது என்பது இதுதான். தாலுகா ஆபீஸில் உட்கார்ந்து ஊர் முழுக்கப் புறம்போக்கு அளந்தவர்தானே நீங்கள். அந்தப் புறம்போக்கை வைத்தும் ஜனங்கள் திட்டுகிறார்கள். அதற்கும் தடை கேளுங்கள்.

அடிவாரம்:
புறம்போக்கு என்றால் வரி விதிக்காத பொது நிலம். ஏரி, ஓடை, பாதை, மயானம். அதை வைத்துத் திட்டினால் ஓடைக்கு ரோஷம் வராது. மனுஷனுக்கு வரும். அந்தப் பெயரில் இன்றைக்கும் சாதிச் சான்றிதழ் வாங்குகிற பிள்ளைகள் இருக்கின்றன ஐயா. சான்றிதழைக் காலேஜில் நீட்டும்போது அந்தக் குமாஸ்தா பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதை நான் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்திருக்கிறேன். பையன் தாளைத் திருப்பி வாங்கி மடித்துப் பைக்குள் வைக்கிற வேகத்தையும் பார்த்திருக்கிறேன்.

லீபஜார்வாசி:
அந்தத் தாளில் ரி-யா றி-யா?

மல்கோவா:
அண்ணா!

பிழைதிருத்தி:
இதற்கு மேல் நான் இல்லை.

குகைவண்டி:
ஐயா போகாதீர்கள். நீங்கள் போனால் 'பதில் சொல்ல முடியாமல் ஓடிவிட்டார்' என்று எழுதுவார்.

லீபஜார்வாசி:
பிழைதிருத்தி ஐயா றி என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பதிவில் இருக்கட்டும்.

அட்மின்:
எல்லோருக்கும் வணக்கம். இதைப் படித்து முடிக்கவே ஒரு டீ ஆறிவிட்டது. நீக்கிய பதிவு நீக்கியதுதான். அந்தச் சொல்லை ஒரு ஆளைக் குறித்து எழுதினால் இனியும் நீக்குவேன். சொல்லைப் பற்றிப் பேசலாம், தடையில்லை. தனிப்பட்ட கடை, காப்பித்தூள், மிளகு விவகாரங்களை வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

லீபஜார்வாசி:
எந்த ரி போட்டால் நீக்குவீர்கள் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள் அட்மின்.

அட்மின்:
இரண்டும்.

லீபஜார்வாசி:
அப்படியானால் இரண்டும் வேறு வேறு சொல் என்று அட்மினே ஒத்துக்கொள்கிறார். 'இரண்டும்' என்றாரே. ஒரே சொல்லாக இருந்தால் எதற்கு 'இரண்டும்'?

சென்னைக்குப்போனவன்:
யோக்கியன் வர்றான், செம்பை எடுத்து உள்ளே வை என்று எங்கள் ஆயா சொல்லும். இங்கே செம்போடு சேர்த்துத் தமிழையும் உள்ளே வைக்க வேண்டியிருக்கிறது.

லீபஜார்வாசி:
யாரைச் சொல்கிறீர்கள்? பெயரைச் சொல்லிப் பேசுங்கள்.

சென்னைக்குப்போனவன்:
பெயரைக்கூடப் போடவில்லையே சார். நீங்களும் வேன்காரர் பெயரைப் போடவில்லை.

லீபஜார்வாசி:
வேளச்சேரியில் மழை பெய்தால் படகில் போகிற ஆள் பேசுகிற பேச்சைப் பாருங்கள். நான்கு ரோட்டில் நாங்கள் தட்டுவடை செட்டைக் கையில் வாங்கிக்கொண்டு நிம்மதியாக நிற்கிறோம் என்ற வயிற்றெரிச்சல்.

சென்னைக்குப்போனவன்:
தட்டுவடை செட் இப்போது இங்கேயே கிடைக்கிறது.

குகைவண்டி:
கிடைக்கும், கிடைக்கும். பீட்ரூட் துருவலுக்குப் பதில் என்ன போடுகிறார்கள்? தட்டுவடையை உடைத்துப் பார்த்தால் சத்தம் வருகிறதா? அங்கே விற்பதைச் செட் என்று சொல்வதுதான் உண்மையான அவமதிப்பு. அதற்கு எந்தப் பிரிவு மல்கோவா அக்கா?

மல்கோவா:
என்னை விடுங்கள்.

அடிவாரம்:
கடைசியாகக் கேட்கிறேன் லீபஜார்வாசி. நாளைக்கு உங்கள் பேரன் படிக்கிற வகுப்பில் ஒருத்தன் இன்னொருத்தன் ரப்பரைத் திருடிவிட்டான். உங்கள் பேரன் அவனை இந்தச் சொல்லால் திட்டுகிறான். பக்கத்து பெஞ்சில் அந்தச் சமூகத்துப் பையன் உட்கார்ந்திருக்கிறான். அவனிடம் போய் வல்லினம் இடையினம் விளக்குவீர்களா?

லீபஜார்வாசி:
என் பேரன் இங்கிலீஷ் மீடியம். அவனுக்கு இரண்டு ரி-யும் தெரியாது.

கொண்டைஊசி20:
அது தெரிகிறது அண்ணா, குடும்பத்திலேயே இருக்கிறது.

லீபஜார்வாசி:
தம்பி, உன் உண்மையான பெயர் என்ன? ஏற்காட்டில் எந்த எஸ்டேட் பக்கம்? சீசனுக்கு மேலே வருவேன், நேரில் பேசுவோம்.

கொண்டைஊசி20:
வாங்க. வேன் கிடைத்தால்.

லீபஜார்வாசி:
அட்மின், இவன் என்னைக் கிண்டல் செய்கிறான். இது அவமதிப்பு இல்லையா? இதை ஏன் நீக்கவில்லை? அடிவாரம் புகார் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் நீக்குகிறீர்கள், லீ பஜாரிலிருந்து கொடுத்தால் டீ குடிக்கிறீர்கள். இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். மற்றபடி றி விஷயத்தில் நான் எழுத வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது. 'மொள்ளமாறி' என்ற சொல்லுக்கே யாரும் இன்னும் வரவில்லை. கடை சாத்தும் நேரம். நாளைக்குக் காலையில் வருகிறேன்.

அடிவாரம்:
ஐந்து நிமிஷம் இல்லை. இரண்டு மணி நேரம் ஆயிற்று.

சென்னைக்குப்போனவன்:
திருச்செங்கோடு விஷயத்துக்கு இன்னும் சரியான பதில் வரவில்லை.